சட்டியில் விளைந்த உப்பு

முதலில் என் மட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூச்செடிக் கதையில் மட்டைக்கு என்ன வேலை என்று அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த மட்டை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

மதுரங்குளிக்கு மேற்கே, கடலோடு சேரும் களப்பின் ஓரத்தில், எனக்கு ஆறு மட்டைக் கிடங்குகள் இருக்கின்றன. தேங்காய் உரித்த பொச்சு மட்டைகளை அதில் நிரப்பி, மேலே ஓலையும் சேறும் ஏற்றி, களப்புத் தண்ணீரில் ஊற விடுவோம். ஊறியதை எடுத்து அடித்தால் தும்பு. மற்றவர்கள் மூன்று மாதத்திலேயே பொறுமை இழந்து கிடங்கைத் திறப்பார்கள். நான் எட்டு மாதத்துக்கு முன்னால் கை வைத்ததே கிடையாது. என் மட்டை அடிக்கும் பெண்களுக்குக் கை நோகாது, தும்பு பொன் நிறத்தில் நூல் நூலாகப் பிரிந்து வரும். சிலாபத்து வியாபாரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி தும்பை முகர்ந்து பார்த்து, "இது மக்பூல் நானாட சாமான்" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். ஊறின மட்டையின் நாற்றம் பழகாதவர்களுக்குக் குடலைப் பிரட்டும். எனக்கு அது சோற்று மணம்.

செடி வந்தது தொண்ணூற்றாறில். மழை பொய்த்து, நாடு முழுக்க மின்வெட்டு நடந்த வருடம். என் மனைவி அஸீஸாவுக்கு கர்ப்பப்பையில் கட்டி என்று சிலாபம் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். பதினாறு நாள் அங்கே கிடந்தாள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போவேன். யுத்த காலம், வழியில் எத்தனை செக்பொயின்ட் உண்டோ அத்தனையிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சாப்பாட்டுக் கூடையைத் திறந்து காட்டி, மீன் கறியை நாலு பேர் எட்டிப் பார்த்த பிறகுதான் அது அஸீஸாவுக்குப் போய்ச் சேரும்.

பக்கத்துக் கட்டிலில் மாரவிலக்காரி ஒருத்தி, மெட்டில்டா நோனா. இவளுக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் கால்குறை. ஆனால் நான் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் தையலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்ன கதை என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, நோனாவின் புருஷன் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அஸீஸாவின் மடியில் வைத்தார்.

உள்ளே ஒரு செடி. விரல் தடிப்பில் நாலு தண்டு, பத்துப் பன்னிரண்டு இலை, அடியில் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும் வேர். ஓர்கிட் என்றார்கள். ஓர்கிட் எனக்குத் தெரியும். கொழும்புக் கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் ஊதா நிறத்தில் குத்தி வைத்திருப்பார்கள். நோனா தலையை ஆட்டினாள். இது அது இல்லை, வேறு ஜாதி. இங்கே பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடற்கரைச் சூட்டுக்கு நன்றாக நிற்கும். பூ எப்படி இருக்கும் என்று அஸீஸா கேட்டதற்கு, "பூத்தாப் பாருங்க, சொன்னா ருசி போகும்" என்று சொல்லிவிட்டாள். வளர்க்கும் முறையை மூன்றே பேச்சில் முடித்தாள். மண் வேண்டாம், தேங்காய் மட்டைத் துண்டில் வை. அரை நிழலில் தொங்கவிடு. காலையில் கொஞ்சம் தண்ணீர்.

தேங்காய் மட்டை என்றதும் அஸீஸா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் தொழில் அவளுக்கு நேரடியாக உதவப்போகும் முதல் சந்தர்ப்பம் அது.

திரும்பி வரும்போது செக்பொயின்ட்டில் நரைத்த மீசை வைத்த ஒரு சார்ஜன்ட் பொட்டலத்தை அவிழ்த்தார். மண் எங்கே என்று கேட்டார். மண் வேண்டாமாம் என்றேன். மண் இல்லாத செடியா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அஸீஸா தன் ஆஸ்பத்திரிச் சிங்களத்தில், இது நோனா ஒருத்தி தந்த பூ என்று சொன்னாள். மனிதர் வேர் முறியாமல், முன்பு இருந்ததை விடப் பக்குவமாகச் சுற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே நாலாம் கிடங்கைத் திறந்தேன். அது பதினொரு மாதம் ஊறியது, நான் தனியாகப் பார்த்து வைத்திருந்த மட்டை. துண்டு துண்டாக வெட்டி, ஓட்டை போட்ட மண் சட்டியில் நிரப்பி, செடியை நடுவில் இருத்தி, குசினிப் பக்கத்து மாமரத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். "நாத்தமா இருக்கே" என்றாள் அஸீஸா. "இப்படி மட்டை ராசாவுக்கும் கிடைக்காது" என்றேன்.

இனி அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு வயிற்றிலேயே போனது. ஒரு பெண் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு, யார் வாயில் தொடங்கியதோ தெரியாது, அஸீஸாவின் கையில் எதுவும் தங்காது என்று ஒரு கதை ஊரில் நடமாடியது. கொஞ்ச நாளில் ஊர் அதை மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. கலியாண வீடுகளில் மருதோன்றியைப் பட்டுப்போல அரைத்துக் கொடுப்பாள். மணப்பெண்ணின் கையில் வைக்கச் சொன்னால் கிண்ணத்தை இன்னொருத்தியிடம் தள்ளிவிடுவாள். கொச்சிக்காய் நாற்று ஊன்றுவதற்குக்கூட வேலிக்கு அந்தப் பக்கத்துச் சாரா உம்மாவைக் கூப்பிடுவாள். எங்கள் வளவில் நிற்கும் மரம் எல்லாம் என் உம்மா வைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அஸீஸா ஒரு விதையைக்கூட மண்ணில் போட்டதில்லை. இதெல்லாம் பாவமான நினைப்பு, தௌபாச் செய் என்று நான் கத்துவேன். "ஓம்" என்பாள். பிறகும் சாரா உம்மாவைத்தான் கூப்பிடுவாள்.

ஓர்கிட்டை மட்டும் எப்படி ஏற்றாள் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

"இத மண்ணில வைக்கிற இல்லத்தானே."

மண் இல்லாததால் அந்தச் சட்டம் இதற்குச் செல்லாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு காலையும் பிஸ்மி சொல்லித் தண்ணீர் விடுவாள். இலையைத் துணியால் துடைப்பாள். ஆஸ்பத்திரியில் நோனாவோடு பேசிய அதே குரலில் செடியோடும் ஏதோ பேசுவாள். இது பூக்க வேண்டும் யா அல்லாஹ், இது ஒன்றாவது அவள் கையில் தங்க வேண்டும் என்று நானும் தொழுகையில் கேட்டேன்.

ஒரு மாதத்தில் இலை நுனி கறுத்தது. பிறகு மஞ்சளித்தது. பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது.

நான் கட்டெறும்பைக் குற்றம் சொன்னேன், காகத்தைக் குற்றம் சொன்னேன். சார்ஜன்ட் வேரைத் தொட்டதைச் சொன்னேன், நோனா சீக்குச் செடியைத் தந்துவிட்டாள் என்றுகூடச் சொன்னேன். அஸீஸா யாரையும் குற்றம் சொல்லவில்லை. விழுந்த இலைகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"காத்தில தொங்கவிட்டாலும் என்ட கை என்ட கைதான்."

அழவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முத்தலிபு வந்தான். சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. உப்பளத்தில் முப்பது வருடமாக வேலை. பாத்தியில் எந்த நாள் உப்பு வாரலாம் என்பதை நாக்கில் தொட்டுச் சொல்லும் ஆள். மாமரத்தடியில் கதிரையைப் போட்டுப் பிளேன்டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தவன் தலைக்கு மேலே தொங்கும் சட்டியை அண்ணாந்து பார்த்தான். சட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நான் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன். முத்தலிபு எழுந்து நகத்தால் சுரண்டி, பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்தான்.

"மச்சான், உன்ட சட்டியில உப்பு விளையுது."

"என்ன பைத்தியக் கதை?"

"கதையில்லடா, உப்பு. இந்த வெயிலுக்கும் எங்கட பாத்தியில இப்படி விளையல்ல." பிறகு சட்டிக்குள் மூக்கை நுழைத்தான். நுழைத்த வேகத்திலேயே வெளியே எடுத்தான். "களப்பு மட்டையா? களப்பில ஊறின மட்டையிலயா இதக் கொண்டு வெச்சாய்?"

தேநீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சிந்தும்வரை சிரித்தான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பதினொரு மாதம் உப்புத் தண்ணீரைக் குடித்த மட்டை. அவள் ஒவ்வொரு காலையும் விட்ட தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துக் கரைத்து வேருக்கு ஊட்டியிருக்கிறது. முப்பது வருடம் மட்டையோடு கிடந்த எனக்கு இது தோன்றவில்லை. மட்டை என்றால் எனக்குக் களப்பில் ஊறினதுதான் மட்டை. ஊறாதது குப்பை.

குசினிக்குள் அஸீஸா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. முத்தலிபுவின் வாயைப் பொத்தி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன்.

ஏன் அப்போதே அவளிடம் சொல்லவில்லை? தொழில் கெட்டுவிடும் என்ற பயம் என்று இன்று சொன்னால் பொய். ஓர்கிட் ஒன்று வாடியதற்காக யாரும் தும்பு வாங்காமல் விடப்போவதில்லை. விஷயம் வேறு. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் சாப்பாட்டு வேளைகளில் என் மட்டையின் பெருமையை நானே பேசி நானே கேட்டிருக்கிறேன். அதை என் வாயால் பிழை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்படி ஒரு மண்டை எனக்கு. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். சத்தமில்லாமல் மட்டையை மாற்றிவிடுவது. செடி தானாகத் தேறும். தன் கையால்தான் தேறியது என்று அவளும் சந்தோஷப்படுவாள். இதற்கு இரக்கம் என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன்.

புது மட்டையையும் அப்படியே வைக்க முடியாது. அதன் கறை போக நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அந்த வறட்சியில் எங்கள் கிணறு உப்புக் கரித்துப்போயிருந்தது. யுத்தத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் ஆறு வருடமாக எங்கள் பக்கத்து முகாம்களில் இருந்தார்கள். நல்ல தண்ணீர் எங்கே உண்டோ அங்கே குடங்கள் வரிசையில் நிற்கும். இரண்டு மைலுக்கு அப்பால், மாதா கோயிலுக்குப் பக்கத்தில், யாக்கோபு என்கிற தென்னந்தோட்டக்காரரின் கிணறு மட்டும் வற்றவில்லை. எனக்குத் தேங்காய் மட்டை தருகிறவர் அவர். மாட்டுத் தொட்டி ஒன்றில் மட்டைத் துண்டுகளைப் போட இடம் கொடுத்தார். தண்ணீரை மாற்றும்போது பழையதைத் தென்னைக்கு ஊற்ற வேண்டும், ஒரு துளி வீணாகக் கூடாது என்று நிபந்தனை. காரணம் கேட்டார். சும்மா ஒரு பரிசோதனை என்றேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

யாக்கோபு வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் செக்பொயின்ட். முதல் இரண்டு நாளும் நரைத்த மீசை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், எங்கே தினமும் என்று சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். அந்த நாட்களில் அப்படிக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டாவது பொய் தேவைப்படும். நடந்ததை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். ஊரில் ஒருத்தருக்கும் சொல்லாத உண்மையை முதன்முதலில் துவக்குப் பிடித்த மனிதரிடம் சொல்ல வேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புத்தான். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோனாவுக்குச் சொன்னீங்களா?"

நோனா என்று அவர் கேட்டது என் அஸீஸாவை. இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தடையைத் தூக்கும்போது அதே கேள்விதான். "சொன்னதா?" நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

பதினாறாம் நாள் அஸீஸா கற்பிட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக் கந்தூரிக்குப் போனாள். போகும்முன் சட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காய்ந்த தண்டுகளின் அடியில், மிளகளவில், பச்சையாக ஒரு முளை. வாய் திறந்து சொல்லப் பயந்து, நாடியை நீட்டி எனக்குக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் போனதும் யாக்கோபு வீட்டிலிருந்து மட்டையைக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கினேன். செடியைத் தூக்கினால் வரவில்லை. வேர் பழைய மட்டையைக் கவ்விப் பிடித்திருந்தது. அநேகம் அழுகல், மூன்று நாலு வேர்தான் வெள்ளை. மட்டையை நார் நாராகக் கிழித்து, வேரை ஒவ்வொன்றாக விடுவித்தேன். தும்பு பிரிக்கிற கைக்கு அது பெரிய வேலையில்லை என்று ஒரு திமிர். கடைசி இழுப்பில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. பார்த்தால் அந்த முளை என் விரல்களுக்கு நடுவில்.

அதைத் திருடன் போல மரத்தடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். பழைய மட்டையை வேலி ஓரம் எறிந்துவிட்டு, மிச்சச் செடியைப் புது மட்டையில் வைத்துத் தொங்கவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் திரும்பி வந்தவள் கால்கூடக் கழுவாமல் மாமரத்தடிக்குப் போனாள்.

"மட்டை மாத்தினீங்களா?"

"ஓம்."

"ஏன், அது நல்ல மட்டைதானே?"

அல்லாஹ் என் வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்த சந்தர்ப்பம் அது. நான் சொன்னேன்: "நல்ல மட்டைதான். சும்மா, புதுசா இருக்கட்டுமெண்டு." முளையைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்னாலேயே, காகம் கொத்தியிருக்கும் என்றேன். அவள் காகத்தை நம்பவில்லை. என்னையும் சந்தேகப்படவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை நான் மாமரத்தடியில் கண்ணாடியை மாட்டிவைத்து முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அஸீஸா வந்தாள். சட்டியைக் கம்பியிலிருந்து கழற்றினாள். வேலியில் ஆள் நுழையும் பொட்டு வழியாகச் சாரா உம்மா வீட்டு முற்றத்துக்குப் போனாள். சாரா உம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். முருங்கைக் கொப்பை முறித்து எறிந்தாலும் அவள் வளவில் மரமாகும்.

"ராத்தா, இது உங்கட கையில இருக்கட்டும். என்ட கையில செத்துப் போகும்."

"விடு புள்ள. சில பேர்ட கை அப்படித்தான். அல்லாஹ்ட நாட்டம்." சாரா உம்மா கெட்டவள் இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டிச் சட்டியை வாங்கினாள்.

கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை, மறு கன்னம் வழித்தாகிவிட்டது. அப்போதுதான் என் மண்டைக்கு விளங்கியது. செடி இப்போது நல்ல மட்டையில் இருக்கிறது. சாரா உம்மா வளவில் அது கட்டாயம் பிழைக்கும். இலை விடும், பூக்கும். அஸீஸா ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் அதைப் பார்ப்பாள். தன் கையில் செத்தது இன்னொருத்தி கையில் பூத்ததைக் கண்ணால் கண்ட பிறகு, எந்த ஆலிம் வந்து சொன்னாலும் அவள் கேட்கப்போவதில்லை. இது என் இரக்கம் செய்த வேலை.

சவரக்கத்தியைக் கீழே போட்டேன். வேலி ஓரம் கிடந்த பழைய மட்டையில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காய்ந்து போயிருந்த துண்டில் உப்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அஸீஸா, இத நக்கிப் பாரு!"

இரண்டு பெண்களும் திகைத்துப்போய் நின்றார்கள்.

"என்னங்க இது? சீ, நாத்தம்!"

"ஒருக்கா நக்கிப் பாரு. நான் கெஞ்சிக் கேக்கிறன்."

அவள் விரல் நுனியால் மட்டையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். புருவம் சுருங்கியது.

"உப்பு."

"என்ட மட்டை. களப்பில பதினொரு மாசம் ஊறின மட்டை. அதிலதான் நான் உன்ட செடிய வெச்சன். செடிய எரிச்சது அந்த உப்பு. முத்தலிபு அண்டைக்கே நக்கிப் பாத்துச் சொல்லிட்டான். முளைய உடைச்சதும் காகமில்ல, நான். உன்ட கையில ஒண்டுமில்ல புள்ள. எல்லாம் என்ட கை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நுரை கழுத்தில் வழிந்தது. "மக்பூலுட மட்டையா!" என்று சாரா உம்மா வாயில் கை வைத்தாள். அந்தக் கையைப் பிறகு எடுத்தபோது ஊர் முழுக்கக் கேட்டது என்பது வேறு விஷயம்.

அஸீஸா மெதுவாகக் கேட்டாள். "எத்தின நாளாத் தெரியும்?"

"பதினெட்டு நாள்."

"பதினெட்டு நாளும், என்ட கை என்ட கையெண்டு நான் அழுறத பாத்துட்டு இருந்தீங்க."

அவள் என்னை விட்டுத் திரும்பி, சாரா உம்மாவின் கையிலிருந்து சட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"குடுங்க ராத்தா. என்ட செடி."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்று நாளும் கறியில் உப்பில்லை. மீனிலும் இல்லை, சொதியிலும் இல்லை. உப்புப் போத்தல் அலுமாரியில் பூட்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். களப்பில் மட்டை அடிக்கும் பெண்கள், "நானா, எங்கட வீட்டு ரோசாவுக்கும் ரெண்டு மட்டை தாங்களேன்" என்று கேட்டுச் சிரித்தார்கள். நரைத்த மீசை வழக்கம்போலக் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்து, எப்படிப் போனது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தடையைத் தூக்கிவிட்டுக் குதிகாலை அடித்து ஒரு சலாம் வைத்தார்.

நாலாம் நாள் மத்தியானம் அஸீஸா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒம்பது நாள் இருந்திச்சே, அந்தப் புள்ள. அதுவும் என்ட கையாலயில்லத்தானே?"

"இல்ல அஸீஸா."

"டொக்டரும் அப்படித்தான் சொன்னாரு. கட்டியாலதான் எல்லாமெண்டு." கொஞ்சம் கொழித்தாள். "நான் நம்பல்ல. அவர் நக்கிப் பாக்க ஒண்டும் தரல்லத்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்து அரிசியில் விழுந்தது. நானும் சுளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. அன்று ராத்திரிக் கறியில் உப்பு சரியாக இருந்தது.

செடியை அவள் யாருக்கும் கிட்ட விடவில்லை, என்னை முக்கியமாக. தினமும் யாக்கோபு வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் என் வேலை. மாரி மழை வந்தது. முதல் முளை, இரண்டாம் முளை, பிறகு தண்டு. கை நீளத்துக்கு வளர்ந்தது, முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது, பூ மட்டும் வரவில்லை. "அதுக்கென்ன அவசரம்? எட்டு மாசத்துக்கு முன்னால கை வைக்காத ஆள்தானே நீங்க" என்று என்னையே குத்துவாள்.

தொண்ணூற்றெட்டில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னால் பூத்தது. குர்பானுக்கு வாங்கிய கிடாயை அதே மாமரத்தில் கட்டியிருந்தோம். பூவைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஊதாவும் இல்லை, சிவப்பும் இல்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், விளிம்பில் மண்ணிறம். இரண்டு இதழ்கள் முறுக்கிக்கொண்டு மேலே நின்றன. கீழே நின்ற கிடாயின் கொம்பும் அதே முறுக்கு. ஒரு காம்பில் இப்படிப் பதினாலு கொம்புப் பூ.

முத்தலிபு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இதுக்கா மச்சான் இவ்வளவு பாடு? ஆட்டு மூஞ்சியாக் கெடக்கு."

"உங்களுக்கு உப்பத் தவிர என்ன தெரியும்?" என்றாள் அஸீஸா. அவளுக்கு அந்தப் பூவைவிட அழகானது துனியாவில் இல்லை. மாரவிலவுக்குப் போகிற ஒருவரிடம் நோனாவுக்குச் செய்தி அனுப்பினாள். பழைய தையல் பிரியுமளவுக்கு நோனா சிரித்தாளாம். ஆட்டுக் கொம்பு என்று முன்னமே சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாயா என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

பூ இரண்டு மாதம் நின்றது. பெருநாள் கழிந்து ஒரு காலை, நான் அதன் கீழே கதிரையில் இருந்தேன். வேலிப் பொட்டு வழியாகச் சாரா உம்மா வந்தாள். வாழைச் சருகில் சுற்றிய கத்தரி நாற்று ஒரு பிடி கையில்.

"அஸீஸா, இத உன்ட கையால ஒருக்கா ஊண்டித் தா புள்ள. என்டது மூணு தரம் வாடிப் போய்ட்டு. ஆட்டுக் கொம்பே பூத்த கையில்லையா."

அஸீஸா நாற்றை வாங்கினாள், கீழே வைத்தாள், கையை விரித்துப் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டு இறைத்தாள். இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் எடுத்து, சிந்தாமல் சின்ன அடி வைத்து நடந்து, நேராக என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்க. பாத்துச் சொல்லுங்க."

சாரா உம்மா முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். நான் குனிந்து மனைவியின் கையிலிருந்து ஒரு வாய் குடித்தேன். நல்ல மழை பெய்த வருடம் அது.

"உப்பில்ல" என்றேன்.

அஸீஸா மிச்சத் தண்ணீரை உதறிவிட்டு, நாற்றைத் தூக்கிக்கொண்டு, பிஸ்மி சொல்லி வேலிக்கு அந்தப் பக்கம் போனாள்.